லாரியின் வேகமும் ஓட்டுநரின் மணியும்

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் மாணவர் பலருக்கும் பழகிப்போன கணக்கு ஒன்று உண்டு. ஒரு ரயிலுக்கு ஒரு மணி நேரத்தில் ஆகும் எரிபொருள் செலவு அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது, 16 கி.மீ. வேகத்தில் அச்செலவு மணிக்கு 48 ரூபாய். இதர நிலையான செலவுகள் மணிக்கு 1,200 ரூபாய். மிகச் சிக்கனமான வேகம் எது? வகையிட்டு, சுழியத்திற்குச் சமப்படுத்தி, 80 என்று விடை கண்டு, மாணவர் அடுத்த கணக்கிற்குச் சென்றுவிடுகிறார். அந்த 1,200 ரூபாய் எங்கிருந்து வந்தது, அதில் யாருடைய கூலி அடங்கியிருக்கிறது என்பது வினாத்தாளில் இல்லை. ஆகவே வகுப்பறையிலும் இல்லை.

ரயிலை விட்டு லாரிக்கு வந்தால் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. இந்தியாவின் சரக்கில் பெரும்பங்கு சாலை வழியே செல்கிறது. லாரிகளில் பெரும்பாலானவை சில வண்டிகள் மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. ஓட்டுபவர் ஒருவர், டீசலுக்குப் பணம் தருபவர் இன்னொருவர், சரக்குக்காகக் காத்திருப்பவர் மூன்றாமவர். வேகத்தை முடிவு செய்யும் கால் முதலாமவருடையது.

கணக்கை முறையாகவே தொடங்கலாம். சமதளச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும் லாரி இரண்டு தடைகளை எதிர்க்கிறது. முதலாவது, சக்கரம் உருள்வதால் எழும் தடை. அது சுமையைப் பொறுத்தது. வேகத்தை ஏறக்குறையப் பொறுத்ததன்று. இரண்டாவது, காற்றுத் தடை. அது வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வது. இரண்டையும் கடக்க ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு டீசல் என்று செலவாகிறது. இவற்றோடு வண்டி சாலையில் கழிக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு விலை உண்டு: கடன் தவணை, காப்பீடு, வரி, ஓட்டுநர் மற்றும் கிளீனரின் ஊதியம். வேகம் கூடினால் ஒரு கிலோமீட்டரில் கழியும் நேரம் குறைகிறது. வேகத்தை ‘வே’ என்றும், ஒரு மணியின் விலையை ‘ம’ என்றும், உருளல் தடைக்கான செலவை ‘உ’ என்றும், காற்றுத் தடையின் கெழுவை ‘கா’ என்றும் குறித்தால், ஒரு கிலோமீட்டருக்கான செலவு:

ம/வே + உ + கா × வே²

ரயில் கணக்கிற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு கிலோமீட்டருக்கான எரிபொருள் செலவு வேகத்தின் முதற்படியில் நின்றது. இங்கே இரண்டாம் படியில் நிற்கிறது. பாடநூல் கணக்கை எழுதியவர் இயற்பியலைவிட விடையின் நேர்த்தியை விரும்பியிருக்க வேண்டும்.

இதன் சிறுமத்தைக் காண நுண்கணிதம் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஒரு முற்றொருமை மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது: அ³ + ஆ³ + இ³ − 3அஆஇ என்பது (அ + ஆ + இ) உடன் மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியைப் பெருக்கக் கிடைப்பது. அம்மூன்று வர்க்கங்கள் (அ − ஆ)², (ஆ − இ)², (இ − அ)². வர்க்கம் எதுவும் குறை எண் ஆகாது. எனவே மிகை எண்கள் மூன்றின் கூட்டுச் சராசரி அவற்றின் பெருக்குச் சராசரியைவிடக் குறையாது. மூன்றும் சமமாகும்போது மட்டுமே இரண்டும் ஒன்றாகும். இந்தச் சமனின்மையை எத்தனை எண்களுக்கும் பொதுவாக நிறுவும் புகழ்பெற்ற வழி கோஷியின் 1821ஆம் ஆண்டு நூலில் உள்ளது. லாரிக்கு மூன்று எண்கள் போதும்.

‘ம/வே’ என்னும் உறுப்பை இரு சம பாதிகளாகப் பிரிக்க வேண்டும். அப்போது கிடைப்பவை ம/(2வே), மறுபடியும் ம/(2வே), பிறகு கா × வே². மூன்றையும் பெருக்கினால் வேகம் முற்றாக அடிபட்டுப்போய் ம² × கா / 4 என்னும் மாறிலி மட்டும் எஞ்சுகிறது. பெருக்கற்பலன் மாறாதிருக்கையில் கூட்டுத்தொகை மிகச் சிறியதாவது மூன்றும் சமமாகும் இடத்தில்தான். அதாவது, ம/(2வே) = கா × வே². இதிலிருந்து

வே³ = ம / (2 × கா)

ஏன் இரு பாதிகள் என்று மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். வேகம் ஓரிடத்தில் வகுக்கும் எண்ணாகவும் மற்றோரிடத்தில் வர்க்கமாகவும் நிற்பதால், முதலாவதை இருமுறை எடுத்தால்தான் அடிபடும். வகையிடும்போது விடை வந்துவிடுகிறது, காரணம் மறைந்துவிடுகிறது. இவ்வழியில் காரணம் கண்ணெதிரே நிற்கிறது: சிக்கனமான வேகத்தில் நேரத்திற்கான செலவு, காற்றுக்கான செலவைப் போல் சரியாக இரு மடங்கு.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. ‘உ’ விடையில் இல்லை. சுமை ஏற ஏறச் செலவு கூடும், ஆனால் சமதளத்தில் சிக்கனமான வேகம் மாறாது. சுமை ஏற்றிய லாரி மெதுவாகவும் காலி லாரி விரைவாகவும் போவது சிக்கனம் என்ற பொது நம்பிக்கைக்கு இச்சமன்பாட்டில் ஆதாரமில்லை. சுமையோடு மெதுவாகப் போவதற்கு ஏற்றமும் இறக்கமும் பிரேக்கும் காரணமாகலாம், டீசல் காரணமாகாது.

இனி எண்கள். முன்பரப்பு 8 சதுர மீட்டர், காற்றுத் தடைக் குணகம் 0.8, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் காற்று லாரியைச் சுமார் 1,070 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் மூன்றிலொரு பங்கு சக்கரத்தை அடைவதாகவும், டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் காற்றுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் ஆகிறது. வேறு வேகங்களுக்கு, வேகத்தை வர்க்கப்படுத்தி 450ஆல் வகுத்தால் போதும். மொத்த எடை 25 டன் என்றால் உருளல் தடைக்குச் சுமார் 13 ரூபாய். இரண்டும் சேர்ந்து 21 ரூபாய். அதாவது லிட்டருக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். லாரி நிறுத்தங்களில் ‘மைலேஜ்’ பற்றிப் பேசுவோர் இந்த எண்ணை அந்நியமாகக் கருதமாட்டார்கள்.

ஒரு மணியின் விலையை 960 ரூபாய் என்று கொள்ளலாம். அப்போது வேகத்தின் கனம் 2,16,000, கனமூலம் 60. நேரச் செலவு கிலோமீட்டருக்கு 16 ரூபாய், காற்றுச் செலவு 8 ரூபாய்; இரு மடங்கு என்ற விதி பொருந்துகிறது. மொத்தச் செலவு 37 ரூபாய்.

வேகத்தை மாற்றிப் பார்த்தால் வியப்பு வருகிறது. 50 கி.மீ. வேகத்தில் செலவு 37 ரூபாய் 76 காசு. 70இல் 37 ரூபாய் 60 காசு. பத்துக் கிலோமீட்டர் முன்னோ பின்னோ போனாலும் இழப்பு இரண்டு விழுக்காடு அளவே. சிறுமம் என்னும் சொல் கூரிய பள்ளம் ஒன்றை மனத்தில் எழுப்புகிறது. இங்கே இருப்பதோ அகன்ற வயல்வெளி. 80இல்தான் தரை சரிவாக ஏறத் தொடங்கி, 39 ரூபாய் 22 காசைத் தொடுகிறது. டீசல் விலை ஏறும்போது ஓட்டுநர்கள் ஏன் வேகத்தைக் குறைப்பதில்லை என்று செய்தித்தாள்கள் அவ்வப்போது வருந்துவதுண்டு. கனமூலம் அதற்கு விடை சொல்கிறது: டீசல் பத்து விழுக்காடு ஏறினால் சிக்கனமான வேகம் 60இலிருந்து 58ஆகத்தான் இறங்கும். அவ்வேகம் பாதியாக வேண்டுமெனில் டீசல் எட்டு மடங்காக வேண்டும்.

இச்சமன்பாட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வேகம் நாற்பதுக்குக் கீழ் போகும்போது எஞ்சினின் திறன் மாறுகிறது. அடிக்கடி நின்று புறப்படும் நகரச் சாலைகளுக்கு இது பொருந்தாது. விபத்துக்கு இதில் உறுப்பே இல்லை. 60இலிருந்து 80க்கு ஏறும் லாரியின் இயக்க ஆற்றல் 1.78 மடங்காகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இதற்கொரு விலை வைத்துச் சமன்பாட்டில் சேர்க்கும் துணிவு இருந்தால் விடை இன்னும் கீழே இறங்கும்.

அந்த 960 ரூபாய்க்கு மீள வேண்டும். அதில் 660 ரூபாய் தவணை, காப்பீடு, வரி முதலியவை என்றும், 300 ரூபாய் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் உரியது என்றும் பிரித்துக்கொள்ளலாம். டெல்லியிலிருந்து நாக்பூர், ஹைதராபாத் வழியாகச் சென்னை வரை சுமார் 2,200 கி.மீ. ஓட்டுநருக்கு ஊதியம் மணிக்கணக்கில் வழங்கப்பட்டால், இதுவரை செய்த கணக்கு அப்படியே நிற்கும். ஆனால் நெடுந்தூர லாரிகளில் ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிப் பேட்டாவோடு கொடுப்பதே பரவலான வழக்கம். எத்தனை மணியானாலும் தொகை ஒன்றே. உடனே ஒரு சமன்பாடு இரண்டாக உடைகிறது.

உரிமையாளரின் பக்கம் நின்று பார்த்தால், ஓட்டுநரின் மணி செலவில் சேராது. 660 ரூபாயை மட்டும் கொண்டு கணக்கிட்டால் அவருக்குச் சிக்கனமான வேகம் 53. ஓட்டுநரின் நேரம் அவருக்கு இலவசமாகிவிட்டதால் லாரி மெதுவாகப் போவதே இலாபம். சென்னைக்கு 36 மணி 40 நிமிடத்திற்குப் பதில் 41 மணி 30 நிமிடம். இடைப்பட்ட ஐந்து மணி நேரத்தை ஸ்டீரிங்கின் பின்னால் கழிப்பவருக்கு அதற்கென்று ஒரு காசும் இல்லை.

ஓட்டுநரின் பக்கமோ நேர்மாறு. டீசல் அவருடையதன்று, எனவே அவருடைய சமன்பாட்டில் காற்று இல்லை. எஞ்சுவது நேரம் மட்டும். நேரத்தை வேகத்தால் வகுத்த சார்புக்குச் சிறுமப் புள்ளி கிடையாது; வேகம் கூடக் கூட அது குறைந்துகொண்டே போகும். அவரைத் தடுப்பது சாலை, சோர்வு, 80இல் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவையே. 60க்குப் பதில் 80இல் சென்றால் ஒன்பது மணி நேரத்திற்குச் சற்று மேல் அவருக்கு மிச்சமாகும். டீசல் செலவு மட்டும் 13,700 ரூபாய் அளவில் கூடும். தமது ஒன்பது மணியை 2,750 ரூபாயாக அவர் மதித்தாலும், அதைப் பெற இன்னொருவர் பையிலிருந்து 13,700 ரூபாய் போகிறது. வண்டியின் நேரம் மிச்சமாவதால் உரிமையாளருக்கு 6,050 ரூபாய் திரும்பும் என்பதையும் சேர்த்தால்கூட மொத்தத்தில் 4,900 ரூபாய் காற்றோடு போகிறது.

ஓட்டுநர் வேக வெறி கொண்டவர் என்ற புகாரை இவ்வெண்களின் முன் வைத்துப் பார்க்க வேண்டும். டீசலை அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு என்று உரிமையாளர் மாற்றிவிட்டால், அதே மனிதர் ஐம்பதில் உருட்டிக்கொண்டு வருவார். அவருடைய குணம் மாறியிருக்காது.

இதே பூசல் அமெரிக்காவில் பெரிய அளவில் நிகழ்ந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ., என்ற வேக வரம்பு வந்தது. நோக்கம் எரிபொருள் சிக்கனம். சொந்த வண்டி வைத்து ஓட்டிய லாரிக்காரர்கள் அந்தக் குளிர்காலத்தில் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடினர். டீசல் விலை அவர்களையே முதலில் அடித்தது. ஆயினும் வேக வரம்பும் அவர்கள் எதிர்த்தவற்றுள் ஒன்று. பொதுவாக மைல் கணக்கில் கூலி பெற்றவர்களுக்கு மெதுவாகப் போவது கூலிக் குறைப்பே என்பது பலருக்கு அன்று விளங்கவில்லை. அந்த வரம்பு 1987இல் தளர்ந்து 1995இல் நீங்கியது. 2008ஆம் ஆண்டுக்குப் பின் சரக்குக் கப்பல் நிறுவனங்கள் எரிபொருளை மிச்சப்படுத்தத் தம் கப்பல்களின் வேகத்தைக் குறைத்தபோது இப்படியொரு போராட்டம் எழவில்லை. கப்பலுக்கும் சமன்பாடு ஏறக்குறைய இதுவேதான். மாலுமிகளுக்கோ மாதச் சம்பளம்.

ஒரு மணியின் விலை என்பதிலேயே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மிச்சமான மணி எதற்காவது பயன்பட்டால்தான் அதற்கு விலை உண்டு. இந்திய லாரி ஒரு நாளில் முந்நூறு, நானூறு கிலோமீட்டரே கடக்கிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. முந்நூறு கிலோமீட்டரை இருபத்து நான்கு மணிகளால் வகுத்தால் பன்னிரண்டரை. சைக்கிளில் போகிறவர் எட்டக்கூடிய வேகம். 60இல் ஓடினால் ஐந்து மணியில் முடிகிற தூரம் அது. மற்ற நேரமெல்லாம் ஏற்றுவதற்கும் இறக்குவதற்குமான வரிசைகளில், பகலில் கனரக வாகனங்களை உள்ளே விடாத நகர எல்லைகளில், உறக்கத்தில், பழுதுபார்ப்பில் கழிகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இவை காத்திருப்பைக் குறைத்தன. ஆனால் தொழிற்சாலை வாயிலில் பதினான்கு மணி நேரம் நிற்கப்போகும் லாரி, சாலையில் மூன்று மணியை மிச்சப்படுத்தி வந்தால் அங்கே பதினேழு மணி நிற்கும். அந்த மூன்று மணியின் விலை சுழியம். ஆகவே லாரியின் சிக்கனமான வேகத்தை உண்மையில் தீர்மானிப்பவர்களுள் கிடங்கின் காவலரும் ஒருவர்.

நேரம் தொடர்ச்சியாக ஓடுவதில்லை, நாள்களாகத் துண்டுபட்டு வருகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போரை அது தொடவில்லை. சிறு உரிமையாளர்களின் லாரிகளில் பெரும்பாலானவை அந்த வாசல் வழியே வெளியேறிவிட்டன. சட்டத்தின்படியே ஓட்டுவதாகக் கொண்டால் 2,200 கிலோமீட்டருக்கு 55இல் சரியாக நாற்பது மணி, ஐந்து நாள். 68இல் போனாலும் முப்பத்திரண்டு மணியைச் சற்றே தாண்டுவதால் அதே ஐந்தாம் நாள்தான். காலையில் வந்து நிற்கலாம், அவ்வளவே. சரக்கு மறுநாள்தான் இறங்கும் என்றால், அந்தக் காலை வருகைக்காக எரிந்த டீசலின் மதிப்பு ஏறக்குறைய 7,800 ரூபாய். வளைகோடு காட்டிய 60 இங்கே பொருளற்றுப்போய், ஐந்து நாளுக்குள் கொண்டு சேர்க்கும் மிக மெதுவான வேகமே விடையாகிறது.

உடைந்த சமன்பாட்டை ஒட்டவைக்கவும் இயற்கணிதம் ஒரு வழி தருகிறது. டீசல் மிச்சத்தில் ஒரு பங்கை ஓட்டுநருக்குக் கொடுப்பதாகக் கொள்ளலாம், அப்பங்கு ‘ப’. ஓட்டுநரின் சமன்பாட்டில் நேரத்திற்கு 300, காற்றுக்கு ப × கா. அவருடைய சிக்கனமான வேகத்தின் கனம் 300 / (2 × ப × கா). இது வண்டி முழுமைக்கும் உரிய 960 / (2 × கா) என்பதோடு ஒன்றுபட வேண்டுமானால், ப = 300/960; அதாவது பதினாறில் ஐந்து பங்கு. உரிமையாளருக்கு எஞ்சும் பதினொரு பங்கை 660 ரூபாயோடு வைத்துப் பார்த்தால் அவருக்கும் அதே 60 வருகிறது. இருவரும் தத்தம் இலாபத்தை மட்டுமே கருதினாலும் ஒரே வேகத்தை விரும்புவர். கண்காணிப்புக் கருவியோ கண்டிப்போ தேவைப்படாது. ஒரு மணியின் மொத்த விலையில் ஓட்டுநருக்குரிய பங்கு எவ்வளவோ, டீசல் மிச்சத்திலும் அவ்வளவே.

டீசல் மிச்சத்திற்கு ஊக்கத்தொகை தரும் உரிமையாளர்கள் உண்டு. அத்தொகை பெரும்பாலும் குத்துமதிப்பாக வைக்கப்படுகிறது. ஐந்து விழுக்காடு தந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கமாட்டார், முழுவதும் தந்தால் வண்டி உருளாது. நூறு ரூபாய் டீசல் மிச்சமானால் ஓட்டுநருக்கு 31 ரூபாய் என்பதே இந்த லாரிக்குச் சரியான அளவு. அந்த 31ஐக் கணக்கிட 300 என்னும் எண் வேண்டும். நடைக்கூலி முறையில் அந்த எண் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.